விடுபாவை: ‘வெளியேறு கண்மணி’க்கு (exit pupil) மாற்று

> ‘வெளியேறு கண்மணி’யே இருக்கட்டுமே? சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது.

சரிதான் ஐயா. ஆனால் படிப்பவருக்குக் கண்மணி தெறித்து ஓடுவதுபோல் இருக்கிறது! பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். 10×50 பைனாகுலரை (10 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.) பகல் வானத்துக்கு நேரே (சூரியன் பக்கம் கூடவே கூடாது) ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள். கண்ணருகு வில்லையில் சின்ன வெள்ளை வட்டு மிதக்கும். அதுதான் நாம் பெயர் தேடும் பொருள். விட்டம் 50 ÷ 10 = 5 மி.மீ. அதன் ஓரம் சாம்பல் பூத்துச் சதுரமாக மழுங்கியிருந்தால், உள்ளிருக்கும் முப்பட்டகக் கண்ணாடி மட்டமானது. ஓரக் கதிர்கள் முழுதாகத் திரும்பவில்லை.

கருமணிக்குள் தெரியும் சிற்றுருவம் பாவை. ‘கருமணியிற் பாவாய்’ என்பது குறள். லத்தீன்காரர்களும் பொம்மையிலிருந்துதான் pupil-இன் மூலச் சொல்லை எடுத்தார்கள். ஒளி புகும் பக்கம் புகுபாவை, விடும் பக்கம் விடுபாவை.

> ‘ஒளிவட்டம்’ போதாதா?

அதை நிலாவும் சாமி படமும் எப்போதோ எடுத்துக்கொண்டன.

> பார்ப்பவருக்கு இந்தச் சொல்லால் என்ன பயன்?

வெள்ளி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் தொடக்கத்தில் கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டிக் கடக்கிறது: 2012, 2020, அடுத்து 2028. கார்த்திகை 2 பாகைக்குள் அடங்கும், 10×50இல் 6 பாகைக்கு மேல் தெரியும். ஆக, இடம் தாராளம். சிக்கல் வெளிச்சத்தில்தான். 5 மி.மீ. விடுபாவையில் வெள்ளியைச் சுற்றி முள்போல் ஒளிக்கீற்று முளைக்கும். பைனாகுலரை முக்காலியில் பூட்டி, ஒரு கண்ணால் பார்த்தபடி தலையைச் சாயுங்கள். முள்ளும் கூடவே சுழன்றால் குறை கண்ணில். விரிந்த கருமணி வழியே விழிவில்லையின் ஓரமும் வேலை செய்கிறது, பிறழ்ச்சி (கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாத குறை) அங்கேதான் அதிகம். அட்டையில் 25 மி.மீ. துளை வெட்டிப் பொருளருகு வில்லைகள் இரண்டிலும் மாட்டினால் விடுபாவை 2.5 ஆகும், முள் அடங்கும். ஆனால் ஒளி கால் பங்காகிவிடும். கார்த்திகையின் பெரிய மீன்கள் நிற்கும், பொடி மீன்கள் போய்விடும். வெள்ளிக்கு மாட்டுங்கள், கார்த்திகைக்குக் கழற்றுங்கள். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே வெள்ளியை முடித்துவிடுவது இன்னும் நல்லது.

> கண்ணருகு வில்லையிலிருந்து கண் நிற்க வேண்டிய தூரத்துக்கு?

விடுபாவைத் தொலைவு. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அது 15 மி.மீ.க்குக் குறைந்தால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும்.