பழைய வால்வு ரேடியோ: முள் ஓரிடம், நிலையம் வேறிடம்

கேள்வி: அப்பாவின் ஐந்து வால்வு ரேடியோ. கசிந்த கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டேன். மத்திய அலை அருமை. சிற்றலையில் மட்டும் 9.5 மெகாஹெர்ட்ஸ் நிலையம், முள் 9.9-இல் நிற்கும்போது கேட்கிறது. சோதனை அலை தரும் சிக்னல் ஜெனரேட்டர் இல்லை. ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) சுருள்கள் இருக்கும் உலோகக் கேன்களைத் திருகலாமா?

பதில்: முதலில் கையை எடுங்கள்! மத்திய அலை நன்றாக இருந்தால் ஐ.எஃப். பெரும்பாலும் சரிதான். நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் இரும்பு ஸ்க்ரூடிரைவரை விட்டு, சுருளுக்குள் திருகும் ஃபெரைட் கோரைப் பிளந்தேன். அந்தத் துண்டு இன்னும் டிராயரில் கிடக்கிறது. இப்போது சீவிய மூங்கில் குச்சிதான்.

சிற்றலை ஆசிலேட்டரை, அதாவது ரேடியோ தனக்குள்ளேயே அலை உண்டாக்கும் பகுதியைச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் ஒரு டிஜிட்டல் ரேடியோ போதும். ஆசிலேட்டர், முள் காட்டுவதைவிட ஐ.எஃப். அளவு மேலே ஓட வேண்டும். உங்கள் ஐ.எஃப். 455 கிலோஹெர்ட்ஸ் என்றால், முள் 9.5-இல் இருக்கும்போது டிஜிட்டலில் 9.955-இல் இரைச்சல் சட்டென்று அடங்க வேண்டும். உங்களுடையது அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் அடங்கும். ஆசிலேட்டரின் டிரிம்மரை (திருகிச் சரிசெய்யும் சிறு கெப்பாசிட்டர்) கொஞ்சம் தளர்த்துங்கள். டயலின் மேல்கோடிக்கு டிரிம்மர், கீழ்க்கோடிக்குக் காயிலின் கோர். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், மாறி மாறி மூன்று நான்கு தடவை பாருங்கள்.

இன்னொரு பதில்: டிரிம்மரில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் வரலாம். தளர்ந்த இடம்தான் சரி. அப்புறம், ஏசி/டிசி செட் (பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக மெயின்ஸில் ஓடுவது) என்றால் சேசிஸ் என்ற உலோகச் சட்டத்திலேயே கரண்ட் இருக்கும், மெயின்ஸிலிருந்து பிரித்துத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

கேட்டவர்: அரைச் சுற்று தளர்த்தினேன், 9.5 இடத்துக்கு வந்துவிட்டது! கீழ்க்கோடியில், 6 மெகாஹெர்ட்ஸில் இன்னும் ஒரு நூல் விலகல். கோரைத் திருகக் குச்சி சீவப் போகிறேன்.