எட்டு மாத முயலுக்குக் கழுத்தெலும்பில் பிறவிக் குறை: ஒட்டுண்ணி மருந்தை நீட்டிப்பதா?

கேள்வி:
எங்கள் எட்டு மாதப் பெண் முயலுக்குச் சில வாரங்களாகப் பின்கால்கள் பின்னிக்கொள்கின்றன. இப்போது முன்கால்களும் வலுவிழந்து, புல்லைக் கவ்வக் குனியும்போது முகவாய் தரையில் இடிக்கிறது. மூளையையும் நரம்புகளையும் தாக்கக்கூடிய என்செபலிட்டோசூன் ஒட்டுண்ணிக்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்ததால், பென்பெண்டசோல் மருந்தை 28 நாள்கள் கொடுத்து முடித்தோம், பலன் இல்லை. கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், இரண்டு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதாகவும் அது பிறவிக் குறையாக இருக்கலாம் என்றும் கூறினார். முயல் எங்கும் விழவில்லை. மருந்தைத் தொடர்வதா, ஸ்கேன் எடுப்பதா?

பதில் (கால்நடை மருத்துவர்):
ஸ்கேன் எடுப்பதே நல்லது. எதிர்ப்பொருள் இருப்பது அந்த ஒட்டுண்ணி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். நோயே இல்லாத முயல்கள் பலவற்றிலும் அது காணப்படுகிறது. தலை ஒருபக்கம் சாய்வதும், கண்கள் தாமாக ஆடுவதும், உடல் உருள்வதும் உட்காதையையோ மூளையையோ சுட்டும். அவை எதுவுமின்றி, விழிப்பாக இருக்கும் முயலின் நான்கு கால்களும் தளர்கின்றன என்றால், கழுத்துப் பகுதியிலுள்ள தண்டுவடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் எக்ஸ்ரேயையும் அதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். கழுத்திலுள்ள ஏழு முள்ளெலும்புகளில் இரண்டு பிறவியிலேயே இணைந்திருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒரு முயல் வாழ்ந்துவிடலாம். இணைந்த இடம் அசையாததால் அதற்கு அடுத்த மூட்டு கூடுதலாக அசைந்து தேய்வதும், முதல் முள்ளெலும்புக்குள் பொருந்தும் இரண்டாம் முள்ளெலும்பின் முளை சரியாக வளராமல் முதல் மூட்டு நிலையற்றுப்போவதும், தண்டுவடம் செல்லும் எலும்புக் குழாய் குறுகுவதும்தான் தண்டுவடத்தை நசுக்குகின்றன. எலும்பின் வடிவத்தைச் சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். தண்டுவடம் உண்மையில் நசுங்கியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. தான் சொல்லும். ஸ்கேனுக்காகக் கொடுக்கும் மயக்கத்தில் கழுத்துத் தசைகள் தளர்ந்துவிடும் என்பதால், சுவாசத்துக்கான குழாய் செருகும்போதும் படுக்கவைக்கும்போதும் கழுத்தை மடக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பதில் (முயல் வளர்ப்பவர்):
எங்கள் ஆண் முயலுக்கும் கழுத்தில் பாதி மட்டுமே வளர்ந்த முள்ளெலும்பு ஒன்று இருந்தது. வழுக்கும் டைல்ஸ் மீது ரப்பர் விரிப்பைப் போட்டு, புல்லை முகவாய் உயரத்தில் கட்டிய பிறகு அது தானாகவே உண்ணத் தொடங்கியது. தூக்கும்போது மார்பையும் பின்புறத்தையும் ஒருசேரத் தாங்குங்கள்; பிடரியைப் பிடித்துத் தூக்கவே வேண்டாம். பின்கால்களுக்கு இடையில் சிறுநீர் பட்டுத் தோல் வெந்துபோகும் என்பதால் தினமும் பார்த்துத் துடைக்க வேண்டும். இன்னொன்று, நாய்களைப் போல முயலை இரவெல்லாம் பட்டினி போட்டு ஸ்கேனுக்குக் கொண்டுபோகாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் அதற்குப் பட்டினி தேவையில்லை. பட்டினியில் குடல் நின்றுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டா? வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று ஒருவர் கூறினார்.

பதில் (கால்நடை மருத்துவர்):
ஸ்டீராய்டு முயல்களின் நோயெதிர்ப்பைக் கடுமையாகக் குறைக்கும். ஒட்டுண்ணி இருக்கலாம் என்ற நிலையில் நான் அதைத் தவிர்ப்பேன். வலிக்கு மெலாக்சிகாம் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சிறிய இன நாய்களுக்கு முதல் இரண்டு முள்ளெலும்புகளை உலோகத்தால் பிணைக்கும் அறுவை உண்டு. முயலின் எலும்பு மெல்லியது, திருகாணி பிடிப்பதே கடினம் என்பதால் ஸ்கேனைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேச இயலாது. முடிவு எதுவானாலும் இந்த முயலை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். வாங்கிய பண்ணையிலும் தகவல் சொல்லிவிடுங்கள்.