கியோட்டோ நடுநகர்: 15 மீட்டர் வரம்பு மச்சியாக்களைக் காக்குமா?

எழிலன்:
கியோட்டோவின் நடுப்பகுதியான நகாக்யோவில் 2007 செப்டம்பரில் கட்டட உயரத்தைக் குறைத்தார்கள். பெருந்தெருக்களில் 45 மீட்டர் 31 ஆனது. உள்தெருக்களில் 31 மீட்டர் 15 ஆனது. கூரைமேல் விளம்பரப் பலகைகளுக்கும் தடை. மச்சியா என்னும் பழைய மரவீடுகளின் ஓட்டுக்கூரையில் இன்னும் வெயில் படுகிறதென்றால் இதனால்தான். வரம்பைத் தளர்த்தவே கூடாது என்பது என் கட்சி.

தச்சுப்பட்டறை:
வரம்பு வானத்தைக் காத்தது, வீட்டைக் காக்கவில்லை. மச்சியாவின் முகப்பு 5, 6 மீட்டர்தான். பின்னால் நீண்டுகொண்டே போகும். 'விலாங்கின் படுக்கை' என்பார்கள் அங்கே. அடுத்தடுத்த இரண்டை வாங்கி இடித்தால் 15 மீட்டருக்குள் விடுதி கட்டிவிடலாம், விதி மீறாமலே. 2016 கணக்கெடுப்பில் மிஞ்சியவை 40,000 சொச்சம். அதற்கு முந்தைய ஏழாண்டில் 5,000க்கு மேல் இடிபட்டன. வரம்பு நடப்பில் இருந்த காலம்தானே அது?

மேகலை:
அதற்குத்தான் 2017ல் மாநகரம் தனி விதி போட்டது. பட்டியலில் சேர்த்த மச்சியாவை இடிப்பதென்றால் ஓராண்டு முன்பே தெரிவிக்க வேண்டும். அதற்குள் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ ஆள் தேடலாம்.

தச்சுப்பட்டறை:
ஆள் கிடைக்காவிட்டால் இடிக்கத்தானே போகிறார்கள், மேகலை? பழுதுபார்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. தூண் கல்லின்மேல் சும்மா நிற்கும், போல்ட் கிடையாது. சுவர் மூங்கில் பின்னலில் பூசிய மண். நிலநடுக்கத்தில் வீடு மொத்தமும் ஆடிக்கொடுக்கும். சுவர்கள் நீளவாக்கில் அதிகம். முகப்பில் மரச்சட்டக் கிராதிதான், ஆகவே அகலவாக்கில் பலம் குறைவு. அதற்காக முகப்பில் மட்டும் பிளைவுட் அடித்தால் அந்த இடம் விறைத்து, ஆட்டத்தின் விசை அங்கேயே குவிந்து தூண் முறியும். அடியைச் சுற்றிச் சிமென்ட் போட்டு அடைத்தாலோ காற்றோட்டம் நின்று தூணடி உளுக்கும், கரையான் ஏறும். ஜாக்கி வைத்துச் சாய்வை நிமிர்த்தி, உளுத்த அடியை மட்டும் அறுத்தெடுத்து, புதுக் கட்டையை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி வெட்டிச் சேர்ப்பதே முறை. அந்தத் தச்சுக்கூலிக்கு மானியத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

எழிலன்:
மானியத்துக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் உயரத்தைத் தளர்த்தினால் மனைவிலை ஏறும். வாரிசு வரியும் மனைமதிப்பை வைத்துத்தான் விழுகிறது. விற்கிற நெருக்கடி இன்னும் கூடும். இன்னொன்று: வீட்டு நடுவிலுள்ள குட்டி முற்றத்தில் கோடையில் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தக் குளிர்ச்சிக்கும் வெயில் காயும் தெருவுக்கும் இடையேதான் வீட்டுக்குள் காற்று ஓடும். பக்கத்தில் 31 மீட்டர்ச் சுவர் எழுந்தால் முற்றத்துக்கு வெளிச்சமும் போச்சு, காற்றும் போச்சு. 2023ல் ரயில் நிலையத்துக்குத் தெற்கே வரம்பைத் தளர்த்தியபோது நடுப்பகுதியைத் தொடாமல் விட்டது சரிதான்.