குடும்பக் குழு: இதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் அட்மின் (எல்லா அமைப்புகளையும் மாற்றும் உரிமை உள்ளவர்) ஆக வேண்டுமா?

தம்பி (சித்தி மகன்): அண்ணா, புரோகிராம் எழுதுவதற்கான ஜாவா ஜிப்பை என் ஃபோல்டரிலேயே பிரித்து வைத்துவிட்டேன். பாத்தில் (கமாண்ட் கொடுத்தால் விண்டோஸ் தேடிப் பார்க்கும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கலாம் என்று சிஸ்டம் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் திறந்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. என் அக்கவுன்டையும் அட்மினாக மாற்றிவிடச் சொல்லி அம்மாவிடம் கொஞ்சம் சொல்லுங்களேன்.

சித்தி: தினமும் ஏதாவது ஒன்றுக்குப் பாஸ்வேர்டு கேட்டு வந்து நிற்கிறான். மாற்றிக் கொடுத்துவிடட்டுமாப்பா?

நான்: வேண்டாம் சித்தி. இப்போது அவனுக்கு இருப்பது போல அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுன்டில் ஏதாவது கெட்ட புரோகிராம் புகுந்தாலும் பெரும்பாலும் அவன் ஃபைல்களோடு நின்றுவிடும், அட்மினாக இருந்தால் அவசரத்தில் ஒரே ஒரு தடவை 'ஆம்' தட்டினாலே உங்கள் அக்கவுன்ட் உட்பட மொத்த கம்ப்யூட்டரும் அதன் கைக்குப் போய்விடும். 2007-இல் விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸ் இப்படி நிறுத்திக் கேட்பதே இதற்காகத்தான்.

தம்பி: அப்போ பாத்தை எப்படி மாற்றுவது?

நான்: அதற்குப் பாஸ்வேர்டே வேண்டாம்டா. ஸ்டார்ட்டில் 'எடிட் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஃபார் யுவர் அக்கவுன்ட்' என்று தேடித் திற. மேல் பெட்டி உன்னுடையது, அதில் பாத்தைத் தேர்ந்து ஜாவாவின் 'bin' என்ற ஃபோல்டரைச் சேர்த்துவிட்டு, கமாண்ட் டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்டை மூடித் திறந்து பார். இன்னொன்று, அம்மா பாஸ்வேர்டு போட்டு அந்த வேரியபிள்ஸ் ஜன்னலைத் திறந்தால் மேல் பெட்டியில் வருவது அம்மாவின் வேரியபிள்கள். அங்கே சேர்த்தால் உன் பக்கம் எதுவும் மாறாது, ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வாய்.

சித்தி: எதற்குத்தான் பாஸ்வேர்டு வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான்: அவனுக்கு மட்டும் பொருந்துவதா, எல்லோருக்குமா என்று பாருங்கள் சித்தி. வால்பேப்பர், வைஃபை, டைம் ஜோன் எல்லாம் அவனே மாற்றலாம். ஆனால் கடிகார நேரம், புரோகிராம் ஃபைல்ஸில் சாஃப்ட்வேர் போடுவது, ஃபயர்வால் எல்லாம் எல்லோரையும் பாதிக்கும், அங்கே சின்னக் கேடயப் படம் இருக்கும். நியாயமான வேலை என்றால் அந்த ஒரு தடவை நீங்களே வந்து டைப் செய்யுங்கள், பாஸ்வேர்டைச் சொல்லிவிடாதீர்கள்.

அக்கா: என் ஆபீஸ் லேப்டாப்பில் சிலது 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று மங்கலாகவே கிடக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) மாற்றலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

நான்: தொடாதே அக்கா. அது பாலிசி, அதாவது ஆபீஸ் போட்ட கட்டுப்பாடு, ஸ்டாண்டர்டு அக்கவுன்டிலிருந்து அந்த இடத்தில் எழுதவே முடியாது, எப்படியோ எழுதினாலும் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை பாலிசி புதுப்பிக்கப்படும். அதோடு அது ஆபீஸ் மெஷின். ஐடி ஆட்களிடம் எந்த அமைப்பு, எதற்கு என்று எழுதிக் கேள், காரணம் சரியாக இருந்தால் செய்துதருவார்கள்.

தம்பி: அண்ணா வந்துவிட்டது! ஜாவா வெர்ஷன் காட்டுகிறது.

நான்: சூப்பர்டா. சித்தி, நீங்களும் தினசரி வேலையை அட்மினில் செய்ய வேண்டாம். முதலில் தனியாக ஒரு அட்மின் அக்கவுன்ட் உருவாக்கி, அதில் லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் உங்களுடையதை ஸ்டாண்டர்டாக மாற்ற வேண்டும். வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

சித்தி: சரிப்பா, இரவு போன் செய்கிறேன், நீ கூட இருந்து சொல்லு.