ரூபாய் நோட்டில் நம்ம ஊர் ஏன் இல்லை?

ராயபுரத்தான்:
போன ஞாயிறு பாரிமுனையில் பழைய நோட்டு விற்கிற பெரியவர் ஒருவர், உறையிலிருந்து 1000 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். 1954-ல் வந்த வகை, பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில். 1978-ல் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பர்ஸில் இருந்ததை எல்லாம் பாயில் பரப்பிப் பார்த்தேன். 10-ல் கோனார்க், 20-ல் எல்லோரா, 50-ல் ஹம்பி கல்தேர், 100-ல் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, 200-ல் சாஞ்சி, 500-ல் செங்கோட்டை. தெற்குக்கு ஹம்பி ஒன்றுதான், தமிழ்நாட்டுக்கு எதுவுமே இல்லை. தஞ்சை திரும்ப வரட்டும், இல்லையென்றால் 1856-ல் திறந்த நம்ம ராயபுரம் ஸ்டேஷன் வரட்டும். நாட்டில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் அதுதான் பழையது!

காசிமேட்டுப் பொண்ணு:
அண்ணா, எங்க அம்மா மீன் விற்கிறார். விடியற்காலை ஏலத்தில் ஈரக் கையோடு காசு வாங்குகிறவருக்கு, நோட்டின் பின்பக்கம் இருப்பது கோயிலா கோட்டையா என்று பார்க்க ஏது நேரம்? நிறம்தான் அவருக்குக் கணக்கு. அந்த நிறத்திலேயே குழப்பம், 200 மஞ்சள், புது 20 பச்சை கலந்த மஞ்சள். போன மாதம் 20 என்று நினைத்து 200-ஐச் சில்லறையாகக் கொடுத்துவிட்டார், வாங்கிய ஆள் திரும்பியே பார்க்கவில்லை. அன்றைக்கு வஞ்சிரத்தில் கிடைத்த லாபம் முழுக்கப் போச்சு. முதலில் இதைக் கேளுங்கள்.

வியாசர்பாடி மணி:
அக்கா சொல்வது நியாயம், ஆனால் படமும் முக்கியம்தான். எனக்குக் கட்டடம் வேண்டாம், ஆள் வேண்டும். 1996-லிருந்து வந்த வரிசைகளில் 10 முதல் எந்த நோட்டை எடுத்தாலும் காந்திதான். மற்றவர்களை நாணயத்தோடு நிறுத்திவிட்டார்கள், 1995-ல் வள்ளுவர், 2004-ல் காமராஜர், 2009-ல் அண்ணா என்று. அம்பேத்கர் ஏன் நோட்டில் வரக் கூடாது? ரூபாயின் சிக்கலைப் பற்றியே லண்டனில் ஆய்வு செய்து 1923-ல் புத்தகமாகப் போட்டவர். மொரீஷியஸில் நோட்டுக்கு ஒரு தலைவர், அவர்களுடைய 100 ரூபாயில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளிக்காரர் இருக்கிறார். அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?

ராயபுரத்தான்:
தம்பி, அதே மொரீஷியஸில் 1998-ல் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியைப் போட்டதால் தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாகிவிட்டது. எழுத்தின் வரிசைக்கே அவ்வளவு என்றால், நம்ம ஊரில் ஆள் படம் என்றால் எந்தத் தலைவர் என்பதிலேயே வருஷக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் இடத்தைக் கேட்கிறேன்.

வியாசர்பாடி மணி:
இழுக்கட்டும் அண்ணா. சண்டை வரும் என்று பயந்து கேட்காமலே இருந்தால் எப்போதுதான் வரும்? அங்கே அவர்கள் கொதித்ததால்தானே தமிழ் பழைய இடத்துக்கே வந்தது.

காசிமேட்டுப் பொண்ணு:
யாரைப் போட்டாலும் சரி, எந்த ஊரைப் போட்டாலும் சரி. 200-ன் இரண்டு ஓரத்திலும் தடவிப் பார்க்கச் சாய்ந்த கோடு நான்கும் நடுவில் வட்டங்களும் இருக்கின்றன, 20-ல் அது கிடையாது. நீளத்திலும் 17 மில்லிமீட்டர் வித்தியாசம். நேற்று இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினார், உலர்ந்த கையில் பிடிபட்டது. அப்புறம் கூடைத் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு மறுபடி தடவச் சொன்னேன், மூன்று முறையும் தெரியவில்லை.