செயலியின் கையொப்பச் சாவி: கட்டளை வரியில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

நானே தொடங்குகிறேன். குமாரபாளையத்தில் என் அக்காவின் கணவர் எட்டு விசைத்தறிகள் வைத்திருக்கிறார். அங்கே தறி ஓட்டுபவர்களுக்காக ஒரு சிறு ஆண்ட்ராய்டு செயலி எழுதிக் கொடுத்தேன். இன்று எத்தனை மீட்டர் நெய்தோம், சனிக்கிழமைக் கூலியில் முன்பணத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று அவரவர் குறித்துக்கொள்ளலாம். இணையம் தேவையில்லை; கணக்கு முழுவதும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கும். பக்கத்துத் தறிக்கூடங்களுக்கும் பரவி 31 பேர் பயன்படுத்தினார்கள். முன்பணக் கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டுமே இருந்த இடத்தில், தொழிலாளியின் கையிலும் ஒரு கணக்கு வந்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

என் மடிக்கணினியில் 4 ஜிபி நினைவகம்தான். செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திறந்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அதனால் கட்டளைகளைத் தட்டி இயக்கும் கட்டளை வரிக் கருவிகளை மட்டும் இறக்கிக்கொண்டேன். அவற்றை 'லேட்டஸ்ட்' என்ற உள்கோப்புறைக்குள் வைக்காவிட்டால் எஸ்டிகே (செயலி கட்டத் தேவையான கருவித் தொகுப்பு) எங்கே இருக்கிறது என்றே அவற்றுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. பிறகு எல்லாம் சுலபம். நிரலைச் செயலியாகக் கட்டும் கிரேடில் கருவியில், சோதனைக் கட்டுமானத்துக்கான 'அசெம்பிள்டீபக்' என்று ஒரு கட்டளை, வெளியே வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் பொதி) வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முடிந்தது.

பிழை அங்கேதான் இருந்தது. செயலி யாருடையது என்று காட்ட, ரகசியச் சாவி ஒன்றால் அதில் மின்கையொப்பம் இட வேண்டும்; அது இல்லாத செயலியை ஆண்ட்ராய்டு ஏற்காது. ஆகவே சோதனைக் கட்டுமானத்துக்கு என்று ஒரு சாவியைக் கருவிகள் தாமாகவே உருவாக்கி, நம் முகப்புக் கோப்புறையில் '.ஆண்ட்ராய்டு' என்ற மறைந்த இடத்தில் வைத்துக்கொள்கின்றன. அதன் கடவுச்சொல் உலகறிந்தது: 'ஆண்ட்ராய்டு'. நான் ஒரு வருடமாக அந்தச் சாவியால்தான் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தேன்; அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

வட்டு பழுதாகி, லினக்ஸை மறுபடி நிறுவினேன். நிரல் பத்திரமாக இருந்தது. புதிய பதிப்பைக் கட்டி அனுப்பினேன். மறுநாள் காலை அழைப்பு: "மாப்பிள்ளை, யாருக்குமே ஏறவில்லை என்கிறார்கள்." கேபிளைச் செருகிப் பார்த்தபோது, பழைய செயலியோடு கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று, கணினியிலிருந்து கைப்பேசியோடு பேசும் ஏடிபி கருவி சொன்னது. பழைய சாவி வட்டோடு போய், அதே இடத்தில் புதிதாக ஒன்று பிறந்திருந்தது. பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவலாம். ஆனால் நீக்கினால் கணக்கும் போய்விடும். ஒருவருடைய கைப்பேசியில் பதினொரு மாத முன்பணப் பிடித்தம் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காப்பாற்றியதும் அந்தச் சோதனைக் கட்டுமானம்தான். அப்படிக் கட்டிய செயலியின் உள்கோப்புகளை 'ரன்-ஆஸ்' கட்டளை மூலம் ஏடிபியால் படிக்க முடியும். வெளியீட்டுக் கட்டுமானத்தில் அந்தக் கதவு மூடியிருக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தறிக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கைப்பேசியிலும் பில்டு எண்ணை ஏழு முறை தட்டி, பிழைநீக்க வசதியைத் திறந்து, தரவுத்தளத்தை வெளியே எடுத்தேன்.

முதல் கைப்பேசியில் கடைசிச் சில நாள் பதிவுகளைக் காணவில்லை. தரவுத்தள மென்பொருளான எஸ்கியூலைட் புதிதாக எழுதுவதை உடனே முதன்மைக் கோப்பில் சேர்க்காமல், அதே பெயரோடு 'வால்' என்ற பின்னொட்டுள்ள பக்கக் கோப்பில் வைத்திருக்கும். தமிழில் படித்தாலும் அது வால்தான்; அந்த வாலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நல்லவேளை, அந்தக் கைப்பேசியில் நான் இன்னும் எதையும் நீக்கியிருக்கவில்லை.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

உங்கள் பதிவைப் படித்ததும் கல்லூரி இறுதியாண்டு நினைவுக்கு வந்தது அண்ணா. 2021இல் ஒரு பழைய குறிப்பைப் பார்த்து, ஜார்சைனர் என்ற பழைய கருவியில் கையொப்பமிட்டு, பிறகு ஜிப்அலைன் (பொதிக்குள் கோப்புகளைச் சீராக அடுக்குவது) செய்தேன். தோழியின் ஆண்ட்ராய்டு 8 கைப்பேசியில் ஏறியது. என்னுடைய ஆண்ட்ராய்டு 11இல், இரண்டாம் பதிப்புக் கையொப்பமே இல்லை என்று மறுத்துவிட்டது. ஏபிஐ 30ஐ (ஆண்ட்ராய்டு 11இன் நிரலாக்க எண்) இலக்காகக் கொண்ட செயலிக்கு ஆண்ட்ராய்டு 11 முதல் அது கட்டாயம் என்பது எனக்குத் தெரியாது.

சரி என்று ஏபிகேசைனர் என்ற புதிய கையொப்பக் கருவிக்கு மாறினேன், வரிசையை மாற்றாமல். அப்போதும் மறுப்பு. பழைய முறை பொதிக்குள் இருக்கும் கோப்புகளைத் தனித்தனியாகக் கையொப்பமிடுகிறது. அதன்பின் பொதியை நகர்த்தி அடுக்கினாலும் கேடில்லை. ஆண்ட்ராய்டு 7.0இல் வந்த இரண்டாம் பதிப்பு முறை முழுப் பொதிக்கும் முத்திரை வைக்கிறது. அதன்பின் ஒரு பைட் நகர்ந்தாலும் முத்திரை உடைந்துவிடும். ஆகவே முதலில் ஜிப்அலைன், கடைசியில் ஏபிகேசைனர். வரைபடம் போட்டு விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். இப்போதும் எதை அனுப்புவதற்கு முன்பும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் 'ஏபிகேசைனர் வெரிஃபை' ஓட்டாமல் இருப்பதில்லை.

*

நான் ஆப்பிள் பக்கம். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் மூலையில் ஒரு மேக் மினி இருந்தது. வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) வழியாக அதில் நுழைந்து, ஆப்பிள் செயலிகளைக் கட்டும் 'எக்ஸ்கோட்பில்டு' கட்டளையை ஓட்டுவேன். நிரல் முழுவதும் தொகுத்து முடித்து, கையொப்பமிடும் கணத்தில் 'உள் கூறு பிழை' என்று ஒற்றை வரி. காரணம் எதுவும் சொல்லாது. அதே கட்டளையை மேக்கின் முன்னால் உட்கார்ந்து தட்டினால் வேலை செய்யும்! சான்றிதழைப் புதுப்பித்தேன், செயலியை நிறுவ அனுமதி தரும் புரொவிஷனிங் கோப்பை மாற்றினேன், மூன்று நாள் வீண்.

எஸ்எஸ்எச் வழியாக வருபவருக்குக் கீசெயின் (சாவிகளும் கடவுச்சொற்களும் இருக்கும் மேக்கின் பெட்டகம்) பூட்டியே இருக்கிறது. சாவியைப் பயன்படுத்த அனுமதி கேட்கும் சாளரத்தை யாருமில்லாத திரையில் காட்டவும் வழியில்லை. 'செக்யூரிட்டி' கட்டளையால் முதலில் கீசெயினைத் திறந்து, சாவியை எந்தக் கருவிகள் கேட்காமலே பயன்படுத்தலாம் என்று சொல்லும் பார்ட்டிஷன் பட்டியலில் ஆப்பிள் கருவிகளைச் சேர்த்ததும் சரியானது. இதற்கென்று தனிக் கீசெயின் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். சொந்தக் கடவுச்சொற்கள் இருக்கும் கீசெயினைக் கட்டுமானக் கணினியில் திறந்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

*

சுருக்கமாக ஒன்று. பிளே ஸ்டோரில் வெளியிட்டதும் எங்கள் செயலியில் கூகுள் உள்நுழைவு நின்றுவிட்டது. என் கைப்பேசியில் நானே நிறுவியதில் மட்டும் நன்றாக இருந்தது. பிளேயில் நாம் இடும் கையொப்பம் பதிவேற்றத்துக்கு மட்டும். பயனருக்குப் போகும் பொதியைக் கூகுள் தன்னிடமுள்ள சாவியால் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியின் எஸ்எச்ஏ-1 கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் குறியெண்) பிளே கன்சோலில் எடுத்து, கூகுள் உள்நுழைவு அமைப்புகளில் பதிய வேண்டும்.

முதலில் எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி: ஆண்ட்ராய்டு 9இலிருந்து சாவியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதே, அதை முயன்றீர்களா?

*

முயல வழியில்லை ஐயா. புதிய சாவியை வாரிசாக ஏற்கிறேன் என்று பழைய சாவிதான் கையொப்பமிட வேண்டும். அதுதான் என்னிடம் இல்லையே.

இப்போது சாவி உருவாக்கும் கீடூல் கருவியில் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி, 10000 நாள் செல்லுபடியோடு உருவாக்கியிருக்கிறேன். இரண்டு பென்டிரைவ்களில் படி இருக்கிறது, ஒன்று அக்காவின் பீரோவில். கடவுச்சொல் தனித்தாளில், வேறு வீட்டில். புதிய செயலியில் கணக்கை ஏற்றவும் இறக்கவும் பொத்தான் வைத்துவிட்டேன்.

31 பேரில் 30 பேருடைய கணக்கு திரும்பி வந்துவிட்டது. மீதமுள்ளவர் திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார், அறுவடை முடிந்துதான் வருவாராம். செயலியை மட்டும் நீக்கிவிட வேண்டாம் என்று வாரம் ஒருமுறை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.