மருந்து தெளிக்கும் விமானத்தின் விமானியாக விரும்புகிறேன்: நம் மாவட்டத்திலிருந்து வழி உண்டா?

கேள்வி: தோவாளை மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் தோவாளை வட்டத்தைச் சேர்ந்தவன். நாகர்கோவிலில் இளங்கலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். வயலுக்கு மேல் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் பாய்ந்து சென்று பூச்சிமருந்து தெளிக்கும் சிறு விமானங்களின் காணொளிகளைப் பள்ளி நாள்களிலிருந்தே பார்த்து வருகிறேன். பயணிகள் விமானத்தை ஓட்டுவதைவிட அந்த வேலைதான் என்னை இழுக்கிறது. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல்வயல் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்திலும் மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் அப்பாவே தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார் என்பதால், மருந்தின் நெடியும் அதன் தொல்லையும் எனக்குப் புதிதல்ல.

இந்தியாவில் இப்படியொரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா, இல்லையென்றால் வெளிநாட்டில் அதற்குள் நுழைவது எப்படி என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். வீட்டை அடமானம் வைத்தாவது வணிக விமானி உரிமத்துக்குப் படிக்க வைக்கிறேன் என்கிறார் அப்பா. தாய்மாமாவோ, ட்ரோன் பயிற்சி எடுத்தால் போதும், அதுவும் இதே வேலைதான் என்கிறார். இரண்டும் ஒன்றா?

மறுமொழி: மார்த்தாண்டத்துக்காரன்

தம்பி, ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பருத்தி வட்டாரத்தில், தெளிப்பு விமானங்களுக்கு மருந்து கலந்து ஏற்றும் தரைப்பணியில் சில பருவங்கள் வேலை பார்த்தவன் நான். விமானி அல்லன். ஆனால் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே விமானிகளில் பலரும் இந்தத் தரைப்பணியில் தொடங்கியவர்களே.

ஏர் டிராக்டர் 802 விமானத்தின் மருந்துத் தொட்டி ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளும். மண் ஓடுபாதையில் இறங்கி வந்து நிற்கும் விமானி பெரும்பாலும் இன்ஜினை அணைக்க மாட்டார். நாங்கள் இறக்கைக்குப் பின்புறமாகவே நெருங்கி, பக்கவாட்டு வாயில் தடித்த குழாயைப் பொருத்தி, சில நிமிடங்களில் நிரப்பிக் கழற்றிவிட்டு, அவர் கண்ணில் படும் இடத்தில் நின்று கையைக் காட்ட வேண்டும். சுழலும் விசிறியின் பக்கம் ஒருபோதும் போகக் கூடாது என்பதே முதல் பாடம். மீண்டும் மேலெழுந்து, ஜி.பி.எஸ். விளக்குப் பட்டை காட்டும் கோட்டில் வயலின் மேல் இறங்கி, மறுமுனையில் செங்குத்தாக ஏறித் திரும்பி அடுத்த கோட்டைப் பிடிக்கிறார். ஒரு நாளில் இதை எத்தனையோ முறை செய்கிறார். காணொளியில் அழகாகத் தெரிவது அந்தத் திருப்பம்தான். பழகியவர்கள் அஞ்சுவது கம்பிகளுக்கு. அங்கே தொலைதூரப் பண்ணைகளுக்குப் போகும் மின்பாதைகள் பல ஒற்றைக் கம்பியால் ஆனவை. வெயில் எதிரே அடித்தால் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே தெளிப்பதற்கு முன் வயலை மேலே ஒரு சுற்றுச் சுற்றி, கம்பம் கம்பமாகப் பார்த்து, வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே கீழே இறங்குவார்கள்.

இன்னொன்று, காற்று. காற்றே இல்லாத அதிகாலைதான் மருந்தடிக்க ஏற்ற நேரம் என்று நாம் நினைப்போம். தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே வெப்பமாகவும் இருக்கும் அத்தகைய வேளையில் நுண்துளிகள் கீழே படியாமல் மிதந்து, வெகுதூரத்திலுள்ள வேறொருவர் பயிரில் போய் விழக்கூடும். அதனால்தான் விமானி சிறிது புகையை விட்டு, அது எப்படி நகர்கிறது என்று பார்க்கிறார். புகை மேலேறாமல் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தால் அன்றைய தெளிப்பை ஒத்திவைக்க வேண்டியதுதான், எத்தனை ஏக்கர் காத்திருந்தாலும்.

வழியைச் சொல்கிறேன். வணிக விமானி உரிமம் அடிப்படை. அதற்கு மேல் வால்சக்கர விமானப் பயிற்சி, தாழ்வாகப் பறக்கும் தகுதி, வான்வழித் தெளிப்புக்கான தனித் தகுதி, மருந்து கையாளும் சான்று ஆகிய அனைத்தும் வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே வான்போக்குவரத்து விதிகளில் 137-ஆம் பகுதி இருக்கிறது. இந்திய உரிமத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போய் அமர முடியாது. அந்தந்த நாட்டின் உரிமமாக மாற்றியாக வேண்டும், வேலை செய்யும் அனுமதியோடு விசாவும் கிடைக்க வேண்டும். உரிமம் வாங்கிய கையோடு எவரும் புதியவரிடம் 802-ஐத் தர மாட்டார்கள். சிறிய விமானத்தில், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில், பல பருவங்கள் போக வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

மறுமொழி: கல்குளம் பெரியவர்

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தியாவில் இந்த வேலை ஏன் அருகிப்போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மரங்களைத் தின்ற புழுக்களின் மேல் ராணுவ விமானம் ஒன்றிலிருந்து நச்சுத்தூளைத் தூவியதுதான் இதன் தொடக்கம். நம் நாடும் இதில் பின்தங்கியிருக்கவில்லை: ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் விவசாயத்துக்கென்றே ‘பசந்த்’ என்ற விமானத்தை வடிவமைத்து 1972-இல் பறக்கவிட்டது. தென்னிந்திய ரப்பர் எஸ்டேட்டுகளில், மழைக்காலத்து இலையுதிர் நோய் வருமுன், காப்பர் ஆக்சிகுளோரைடை எண்ணெயில் கலந்து ஹெலிகாப்டரிலிருந்து தெளித்த காலமும் உண்டு. மரம் உயரமானது, நிலம் சரிவானது, தெளிக்க வேண்டியதோ பருவமழைக்கு முந்தைய சில வாரங்களுக்குள். அங்கே ஹெலிகாப்டருக்கு ஒரு நியாயம் இருந்தது.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது காசர்கோடு. முந்திரித் தோட்டங்களின் மேல் பல ஆண்டுகள் வான்வழியாக எண்டோசல்பான் தெளிக்கப்பட்டதும், அடிவாரத்து ஊர்களில் மக்கள் பட்ட பாடும் நாடறிந்தவை. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை விதித்தது. வீடும் கிணறும் ஓடையும் தோட்டத்துக்குள்ளேயே கலந்து கிடக்கும் நிலப்பரப்பில் மேலிருந்து நஞ்சைக் கொட்டலாமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. அது குமரி மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும்.

சட்டம் இதை முன்பே எண்ணிப் பார்த்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 43-ஆவது விதி வான்வழித் தெளிப்புக்கானது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், தெளிக்கும் பகுதியை அடையாளமிட வேண்டும், தொடர்பில்லாத மனிதரும் கால்நடையும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும், கழுவுவதற்கும் முதலுதவிக்கும் வசதி இருக்க வேண்டும், மருந்து உடலில் உண்டாக்கும் விளைவுகள் உட்பட விமானி தனிப்பயிற்சி பெற வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. எழுதிய விதிக்கும் நடந்ததற்கும் இருந்த தொலைவைப் பற்றிப் பேசினால் இந்த இழை போதாது.

இன்று ஆள் அமர்ந்து ஓட்டும் விமானத்திலிருந்து மருந்து தெளிப்பதை இந்தியாவில் பெரும்பாலும் வெட்டுக்கிளிப் படையெடுப்பின்போதுதான் பார்க்கலாம். 2020-இல் ராஜஸ்தான் பக்கம் ஹெலிகாப்டரும் ட்ரோனும் இறங்கின. நாஞ்சில் நாட்டின் ஏலாக்களில் வயல்கள் சென்ட் கணக்கில் துண்டுபட்டு, வரப்போரத்தில் தென்னையும் மின்கம்பமும் நிற்கின்றன. விமானம் ஒரு முறை திரும்புவதற்குள் பத்துப் பேர் நிலத்தைத் தாண்டிவிடும்.

மறுமொழி: அகஸ்தீஸ்வரம் ட்ரோன் அக்கா

தம்பி, உங்கள் மாமா சொல்வது பாதி சரி. நான் மகளிர் சுய உதவிக் குழுவின் மூலம் பயிற்சி பெற்று, நெல்லுக்கும் வாழைக்கும் ட்ரோனில் தெளித்து வருகிறேன். 2023-இல் மத்திய அரசு அறிவித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 15,000 குழுக்களுக்கு, விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்று சொல்லப்பட்டது. பயிற்சி 15 நாள்; அதில் ஓட்டப் பழகுவது ஐந்து நாள், மீதி நாள்கள் மருந்தையும் உரத்தையும் பற்றியவை. பயிற்சிக்குப் போகுமுன் எனக்கு வியப்பாக இருந்த அந்தக் கணக்கு, வேலைக்கு வந்த பிறகு சரியாகப் பட்டது.

ஓட்டுவதில் பெரும்பகுதியைக் கருவியே பார்த்துக்கொள்கிறது; வயலின் எல்லையைக் குறித்துக் கொடுத்தால் கோடு போட்டதுபோல் போய் வரும். நம் தலைவேதனை கலவையில்தான் இருக்கிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் கலக்கும் இடத்தில் ட்ரோனுக்குப் பத்து லிட்டர்தான். ஏக்கருக்கு இவ்வளவு என்ற மருந்தளவு மாறாததால் கலவை மிகவும் கெட்டியாகிறது. இரண்டு மருந்துகளைச் சேர்க்கச் சொல்லி விவசாயி நீட்டினால், முதலில் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிதளவு கலந்து வைத்துப் பார்ப்பேன். அடியில் மாவுபோலப் படிந்தாலோ தயிர்போலத் திரிந்தாலோ தொட்டியில் ஊற்ற மாட்டேன். முனைக்குழல் அடைத்துக்கொண்டு பாதி வயல் மருந்தில்லாமல் போகும்.

பூச்சி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு மேலிருந்து தெளிப்பது போதுமானதாக இருக்கும். புகையான் தூரடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கூடியிருப்பதால், மேல் இலையை மட்டும் நனைத்துவிட்டுக் காசு வாங்கினால் அடுத்த வாரமே வசவு வாங்க வேண்டியிருக்கும். உயரத்தைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து, இறக்கைக் காற்று பயிரைப் பிரித்து உள்ளே இறங்கும்படி போக வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைத் தோவாளைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளை நிறுத்தியது சும்மாவா? கன்னிப்பூவுக்கு மருந்து தேவைப்படுவதும் அந்தக் காற்று மாதங்களில்தான். அப்போது காலையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். மேற்கே மார்த்தாண்டம் பக்கம் போனால் தேனீப் பெட்டிகளைக் கேட்டறிய வேண்டும். ஜனவரி முதல் ரப்பர் தளிரின் காம்பில் தேன் சுரக்கும் காலத்தில், பக்கத்து வாழைக்குத் தெளிப்பதானால் பெட்டிக்காரருக்கு முன்னதாகச் சொல்லி, தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளைக்கு மாற்றிக்கொள்கிறேன். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அந்தக் கரையோர வயல்களில் ட்ரோனைக் கிளப்பவே எனக்கு மனம் வருவதில்லை, பறவைக் கூட்டமும் எழும்பும், மருந்தும் தண்ணீருக்குப் போகும்.

வருமானம் ஏக்கருக்குச் சில நூறு ரூபாய். பருவத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் மின்கலங்களைப் பராமரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதை மட்டுமே பிழைப்பாகக் கொள்ள, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கங்களுக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகத் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: தோவாளை மாணவன்

மூவருக்கும் நன்றி. மார்த்தாண்டத்து அண்ணன் சொன்ன பிறகு அடமானப் பேச்சை அப்பாவிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் விமான ஆசை போகவில்லை. முதலில் ட்ரோன் சான்றிதழ் பெற்று, மருந்தைக் கற்றுக்கொண்டு, பிறகு வெளிநாட்டில் தரைப்பணிக்கு முயலலாமா? நான் கண்ணாடி அணிபவன், அது தடையாகுமா?

மறுமொழி: அகஸ்தீஸ்வரம் ட்ரோன் அக்கா

ட்ரோன் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 முதல் 65 வரையிலான வயதும் போதும், டி.ஜி.சி.ஏ. எனப்படும் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்தால் பத்தாண்டுகளுக்குச் செல்லும். சேருமுன் எந்த எடைப்பிரிவுக்குச் சான்று தருகிறார்கள் என்று கேளுங்கள். 25 கிலோ வரை சிறிய பிரிவு, அதற்கு மேல் 150 கிலோ வரை நடுத்தரப் பிரிவு. பத்து லிட்டர் தொட்டியோடு பறக்கும் விவசாய ட்ரோன்கள் 25 கிலோ எல்லையை ஒட்டியே வருவதால், தவறான பிரிவில் சான்று வாங்கினால் கையில் காகிதம் இருந்தும் ஓட்ட முடியாது. உங்கள் ஊருக்குக் கிழக்கே மகேந்திரகிரி விண்வெளி மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ட்ரோன் பறக்கும் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டே மேலேற்ற வேண்டும்.

மறுமொழி: மார்த்தாண்டத்துக்காரன்

நீங்கள் சொல்லும் வரிசை நல்லது, தம்பி. மருந்தைப் பாதுகாப்பாகக் கலக்கத் தெரிந்தவன் என்று காட்ட முடிந்தால் தரைப்பணிக்கு எடுப்பவர்கள் அதைக் கவனிப்பார்கள். கண்ணாடி பெரும்பாலும் தடையாகாது. கண்ணாடியோடு பார்வை வரையறைக்குள் வந்தால் போதும். நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். எனவே எந்தப் பறப்புப் பள்ளிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்புப் பரிசோதனை அதற்கடுத்துத்தான் வரும்.